பாடினோம், பதிந்து வைத்தோமா?

ஆண்டு விழா நெருங்குகிறது. வழக்கம் போல் மன்றத்தின் பொதுக்குழு கூடும். வழக்கம் போல் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும். வழக்கம் போல், "இவ்வாண்டு எந்த மெல்லிசைக் குழுவை அழைப்பது?" என்ற கேள்வியும் எழும். திரைப்படப் பாடல்களைத் திறம்படப் பாடும் குழு ஒன்று வரும். மூன்று மணி நேரம் பாடும். நாமும் கைதட்டி மகிழ்வோம். மன்றப் பணத்தின் பெரும்பகுதி அன்றிரவே கரைந்துவிடும்.

இதைக் குறை கூறுவது என் நோக்கமன்று. திரைப்பாட்டை விரும்பிக் கேட்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் இவ்வாண்டுப் பொதுக்குழுவில் ஒரு கோரிக்கையை வைக்க எண்ணியிருக்கிறேன். அதற்கு முன் என் குற்றம் ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சென்ற ஆண்டு பொங்கல் விழாவில் நால்வர் மேடையேறிப் பாடியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். இருவர் கித்தார் வாசித்தனர், ஒருவர் பாடினார், நான் தப்பு அடித்தேன். மூவர் தமிழர், ஒருவர் கன்னடர். தொம்மலூரில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டின் மொட்டைமாடிதான் எங்கள் ஒத்திகைக் கூடம். அங்கே ஏழு பாட்டுகளை நாங்களே கட்டினோம். பெங்களூரில் வீடு தேடி அலைந்ததைப் பற்றி ஒன்று, சோதனைச்சாலையில் இரவெல்லாம் கண் விழிப்பதைப் பற்றி ஒன்று, என் பாட்டி கொழுந்து கிள்ளிய காலத்தைப் பற்றி ஒன்று, இப்படி ஏழு. சூன் மாதம் மூத்தவர் இருவரும் படிப்பு முடித்துச் சென்றனர். ஒருவர் புனேயில் இருக்கிறார், மற்றவர் செருமனியில். எங்கள் குழுவின் ஆயுள் எட்டே மாதம்.

அந்த ஏழு பாட்டுகளும் என் கைப்பேசியில் இருந்தன. ஒரு நாள், ஆய்வுக்குரிய நிறமாலைப் படங்களை ஏற்ற இடம் போதவில்லை. எதை நீக்குவது என்று பார்த்தேன். பாட்டுகளை நீக்கினேன். "மறுபடியும் பாடிக்கொள்ளலாம்" என்று எண்ணினேன். மறுபடியும் நாங்கள் பாடவேயில்லை.

யார் மீதும் பழி போட வழியில்லை. அழித்தவன் நான்.

இந்த நினைவு சில வாரங்களுக்கு முன்பு வரை என்னைப் பெரிதாக வருத்தியதில்லை. ஒரு நாள் மாலை, அதே கன்னட நண்பர் சோதனைச்சாலையில் பழைய ஆங்கிலப் பாட்டொன்றை ஒலிக்கச் செய்தார். அமெரிக்க மாட்டு மேய்ப்பர்களின் நாட்டுப்பாடல் நடை. அதனோடு இலண்டன் இளைஞர்களின் குறும்பு. இவ்வகைக்குக் 'கௌபங்க்' என்று பெயராம். 1980களின் முற்பகுதியில் இங்கிலாந்தில் இது ஓர் அலையாய் எழுந்தது. சில ஆண்டுகளில் அடங்கியது. மாட்டுப் பண்ணையைக் கண்ணால் கூடக் கண்டிராத நகரத்துப் பிள்ளைகள் பலர் அதில் இறங்கினார்கள். நண்பர் ஒலிக்கச் செய்தது 'ஹெலன் அண்ட் த ஹார்ன்ஸ்' என்ற குழுவின் பாட்டு. ஒரு பெண் கித்தாரோடு பாடுகிறார். சாக்சபோன், டிரம்பெட், டிராம்போன் என்ற மூன்று ஊதுகருவிகள் துணை. தாளக்கருவியே இல்லை! 1983இல் தோன்றிய அக்குழு 1985க்குள் கலைந்துவிட்டது.

"இரண்டாண்டு வாழ்ந்த குழுவின் பாட்டு, நாற்பதாண்டு கழித்துப் பெங்களூரில் உன் கைக்கு எப்படி வந்தது?" என்று கேட்டேன். "வானொலிக்காரர்கள் கூப்பிட்டுப் பதிந்து வைத்தார்கள்" என்றார் நண்பர்.

அந்த விடை என்னைச் சுட்டது. வானொலி ஏன் அவர்களைக் கூப்பிட்டது? தேடிப் படித்தேன்.

பி.பி.சி.யின் ரேடியோ ஒன் 1967 செப்டம்பர் 30இல் தொடங்கியது. தொடக்க காலத்திலிருந்தே அதில் பணியாற்றியவர் ஜான் பீல் என்ற அறிவிப்பாளர். 2004இல் இறக்கும் வரை அவர் அங்கேயே இருந்தார். பெயர் பெறாத குழுக்களை நிலையத்துக்கு அழைப்பது அவர் நிகழ்ச்சியின் வழக்கம். ஒரே நாளில் பெரும்பாலும் நான்கு பாட்டு. பதிவு முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம். சில வாரங்களில் ஒலிபரப்பாகும். இப்படிச் சேர்ந்த பதிவுகள் 4000க்கு மேல். பாடிய குழுக்களும் கலைஞர்களும் 2000க்கு மேல். அவர்களுள் பின்னாளில் உலகப் புகழ் பெற்றவரும் உண்டு. இரண்டாண்டில் கலைந்து, ஆசிரியராகவும் எழுத்தராகவும் போனவரும் உண்டு. ஹெலன் குழுவும் அந்த நிகழ்ச்சியில் பாடியதுதான்.

இதற்கெல்லாம் பீல் என்ற ஒருவரின் நல்ல மனம் மட்டும் காரணமன்று. ஒரு சட்டதிட்டமும் காரணம். இசைத்தட்டுகளை இத்தனை மணி நேரந்தான் ஒலிபரப்பலாம் என்று, இசைத்தட்டு நிறுவனங்களோடு பி.பி.சி. செய்துகொண்ட ஒப்பந்தம் அன்று நடப்பில் இருந்தது. தட்டையே சுழற்றிக்கொண்டிருந்தால் உயிரோடிருக்கும் கலைஞனுக்கு வேலை ஏது என்று இசைவாணர் சங்கமும் வற்புறுத்தி வந்தது. ஆகவே மிச்ச நேரத்தை நிரப்ப வானொலி உயிருள்ள பாடகர்களைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. அந்தக் கட்டுப்பாடு 1988இல் நீங்கும் வரை, எத்தனையோ சிறு குழுக்களுக்கு அதுவே வாசற்கதவாக இருந்தது. பாதுகாக்க வேண்டும் என்ற பெருநோக்கோடு தொடங்கிய செயலன்று அது. ஒரு வழக்கமாக நடந்தது, அதனாலேயே நிலைத்தது.

நண்பர்களே, "இங்கிலாந்தின் கதை நமக்கெதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நம் கதையும் இருக்கிறது. என் வீட்டிலேயே இருக்கிறது.

என் தாத்தா இலங்கை மலைநாட்டில் பிறந்தவர். தேயிலைத் தோட்டத்தில் தப்படித்தவர். 1964இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், தோட்டத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. தாத்தா இந்தியாவின் பங்கில் விழுந்தார். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, முடிவில் நீலகிரியில் மறுபடியும் தேயிலைக்கே வந்து சேர்ந்தார். அவர் கொண்டுவந்த பொருள்கள் சில. அவற்றுள் ஒன்று ஒரு வானொலிப் பெட்டி. இலங்கை வானொலி கேட்டால் அவர் முகம் மலரும். "ராசா, இது நம்ம ரேடியோடா" என்பார். இந்தியா வந்து நாற்பது ஆண்டுகள் ஆன பிறகும் அவருக்கு அது 'நம்ம ரேடியோ'தான்.

தமிழ்நாட்டினருக்கும் அது ஒரு காலத்தில் 'நம்ம ரேடியோ'வாகத்தானே இருந்தது! 1952இல் அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டுக்கு இடமில்லாமல் செய்தார். கேட்பவர்கள் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். அங்கே வசதியும் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காக நிறுவிய ஆற்றல் மிக்க சிற்றலை ஒலிபரப்பி, போருக்குப் பின் இலங்கைக்குக் கிடைத்திருந்தது. சிற்றலை வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பித் தொலைதூரத்தில் இறங்கும். கடலும் எல்லையும் அதற்குத் தடையல்ல. 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கிய பிறகுதான் டில்லி தன் நேயர்களை மீட்க முனைந்தது.

ஆனால் கொழும்பு திரைப்பாட்டை மட்டும் அனுப்பவில்லை. 1966இல் 'மூன்ஸ்டோன்ஸ்' என்ற சிங்கள இளைஞர் குழு தோன்றியது. கிளாரன்சு விசேவர்தன பாட்டுக் கட்டினார். ஆனஸ்லி மாலவன பாடினார். மின் கித்தாரோடு எளிய சிங்களத்தில் அவர்கள் பாடியது அன்றைக்குப் புதுமை. விஜய கொரெயா என்ற இளம் அறிவிப்பாளர் அவர்களை இலங்கை வானொலிக்கு அழைத்துவந்து நாடறியச் செய்தார். 1970 அளவில் குழு பிரிந்துவிட்டது. ஏறத்தாழ நான்கே ஆண்டுகள்! ஆயினும் சிங்கள மெல்லிசையின் போக்கையே மாற்றிய குழு என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

தமிழிலும் அதே காலத்தில் ஓர் அலை எழுந்தது. போர்த்துக்கீசியர் காலத்தின் எச்சமான பைலா தாளத்தில், யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை ஏற்றிப் பாடினார்கள். அதைப் 'பொப் இசை' என்றனர். 'துள்ளிசை' என்று நல்ல தமிழ்ப் பெயரும் வைத்தனர். உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' அவ்வலையின் முன்னோடிப் பாட்டுகளில் ஒன்று. ஏ. ஈ. மனோகரன் வந்தார், 'சுராங்கனி'யைக் கடல் கடத்தினார். 1977இல் அது தமிழ்த் திரைப்படத்துக்குள்ளும் புகுந்தது. 'சிலோன் மனோகர்' என்று நாமறிந்த அவர் 2018 சனவரியில் சென்னையில் காலமானார். 1983 சூலைக் கலவரமும் பின்னர் நடந்த போரும் தமிழ்க் கலைஞர்களைத் திசைக்கொருவராய்ச் சிதறடித்தன. துள்ளிசையின் துள்ளலும் அதோடு தளர்ந்தது.

இன்று அவ்வலையில் எஞ்சியவை எவை? இசைத்தட்டிலோ வானொலி நிலையத்து நாடாவிலோ ஏறியவை எஞ்சின. ஏறாதவை அன்றன்றைய மேடையோடு முடிந்தன. பாட்டின் தரமன்று இந்தக் கோட்டைக் கிழித்தது. பதிவு ஒன்றே கிழித்தது. என் தாத்தா தோட்டத்துத் திருவிழாவில் விடிய விடிய அடித்த தப்பை எவரும் பதியவில்லை. அவர் போய்விட்டார். அவர் சொல்லிக்கொடுத்த மூன்று அடிகள் மட்டும் என் கையில் இருக்கின்றன. எத்தனை அடிகள் அவர் கையோடு போயின என்று எனக்குத் தெரியாது.

இனி, என் கோரிக்கைக்கு எழக்கூடிய மறுப்புகளைப் பார்ப்போம்.

"கித்தாரும் மேனாட்டு மெட்டும் தமிழா? கலப்படத்தைப் போய்ப் பாதுகாப்பதா?" என்பர் சிலர். பிடில் எந்த நாட்டுக் கருவி? பாலுசுவாமி தீட்சிதர் அதை நம் இசைக்கு வசப்படுத்தி இருநூறு ஆண்டுகள் ஆகின்றன; இன்று அதில்லாத கச்சேரி அரிது. ஆர்மோனியத்தை அயல்நாட்டுக் கருவி என்று அகில இந்திய வானொலி 1940இல் விலக்கி வைத்தது. 1971இல்தான் கதவைச் சிறிது திறந்தது. அந்த முப்பது ஆண்டுகளில் கூத்தும் நாடகமும் பசனையும் ஆர்மோனியத்தைக் கைவிட்டனவா? இல்லையே! எது தமிழ், எது தமிழன்று என்பதைக் காலம் தீர்மானிக்கட்டும். ஆனால் காலம் தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால், பொருள் அதன் முன் இருக்க வேண்டாமா?

"நான்கு மாணவர் பொழுதுபோக்காகப் பாடியதைப் பாதுகாப்பதா? அது என்ன சங்க இலக்கியமா?" என்பர் வேறு சிலர். அவர்களை ஒரு நாள் தொம்மலூருக்கு அழைக்கிறேன். மேம்பாலத்தையும் அலுவலகக் கட்டடங்களையும் தாண்டி உள்ளே வந்தால் சொக்கப்பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் கற்களில் தமிழ் எழுத்து இருக்கிறது. பி. எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதியில் இவ்வட்டாரத்துக் கல்வெட்டுகள் ஏறியுள்ளன. தொம்மலூர் அவற்றில் 'தொம்பலூர்'. 'தேசிமாணிக்கப்பட்டணம்' என்ற மறுபெயரும் அதற்கு உண்டு. கல்லில் வெட்டியிருப்பது காவியமா? இல்லை. யார் கொடுத்தார், எதைக் கொடுத்தார் என்ற கொடைக் கணக்கு. வெட்டியவருக்கு அது அன்றாட அலுவல். நமக்கோ, எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இந்த ஊரில் தமிழும் வழங்கியது என்பதற்குச் சான்று. பக்கத்தில் கன்னடமும் தமிழும் சேர்ந்தே வாழ்ந்தன என்பதற்கும் சான்று. எது பிற்காலத்துக்குப் பயன்படும் என்று நிகழ்காலத்தில் இருப்பவர் அறிய முடியாது. ஆகவேதான் பதிந்து வைக்க வேண்டும் என்கிறேன்.

"இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறதே! தனியாக எதற்கு?" என்பது மூன்றாவது மறுப்பு. இதுவே வலுவானது. இதற்கு விடை நானே. என் கையிலும் கருவி இருந்தது, பதிவும் இருந்தது, இன்று இல்லை. பதிவது வேறு, காப்பது வேறு. வேதியியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஒலிநாடா என்பது நெகிழித் தாளின் மீது இரும்பு ஆக்சைடுத் தூளைப் பசையால் ஒட்டியது. 1970களிலும் 80களிலும் செய்த நாடாக்கள் பலவற்றில் அந்தப் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிதைகிறது. நாடா பிசுபிசுத்து ஒட்டிக்கொள்கிறது. ஏறத்தாழ 50 பாகை வெப்பத்தில் மணிக்கணக்கில் காயவைத்து, கிடைக்கும் சிறு இடைவெளியில் வேறொன்றுக்குப் படியெடுக்க வேண்டும். அதற்கு முன், இந்தப் பெட்டியில் இன்னது இருக்கிறது என்று எவரேனும் எழுதி வைத்திருக்க வேண்டும். நம் கைப்பேசிப் பதிவில் பசை இல்லை, ஈரம் புகாது. ஆனால் பெயரும் இல்லை, நாளும் இல்லை, பொறுப்பாளரும் இல்லை. 'இடமில்லை' என்ற ஓர் அறிவிப்பு வந்தால் போதும், ஒரு விரல் அசைவில் எல்லாம் முடிந்துவிடும். நாடா சிதையப் பல ஆண்டுகள் ஆகும். என் கைப்பேசி அழிக்க எடுத்துக்கொண்டது ஒரு நொடி.

ஆகவே, இதோ என் கோரிக்கை. மெல்லிசைக் குழுவை நிறுத்த வேண்டா. அதற்குத் தரும் தொகையில் பத்தில் ஒரு பங்கை மட்டும் ஒதுக்குங்கள். ஆண்டுக்கு ஒரு நாள் அமைதியான ஓர் அறையை எடுப்போம். நல்ல ஒலிவாங்கி இரண்டை வாடகைக்கு வாங்குவோம். சொந்தமாகப் பாட்டுக் கட்டும் மாணவர் யாராயினும் வரட்டும். ஒவ்வொரு குழுவுக்கும் நான்கு பாட்டு. நன்றாக இருக்கிறதா, இல்லையா என்று தேர்வு வைக்க வேண்டா. தமிழோடு கன்னடம் கலந்திருந்தால் முகம் சுளிக்கவும் வேண்டா. பாடியவர், கட்டியவர், கருவி, நாள், பாட்டின் சொற்கள் இவையனைத்தையும் ஒரு தாளில் எழுதிப் பதிவோடு சேர்ப்போம். மூன்று படிகள் எடுப்போம். ஒன்று மன்றத்துக்கு, ஒன்று பல்கலைக்கழக நூலகத்துக்கு, ஒன்று பாடியவர்களுக்கு. ஆண்டுதோறும் பொறுப்பேற்கும் புதிய செயலாளர், பழைய பதிவுகளை ஒருமுறை ஒலிக்கச் செய்து பார்த்து, எல்லாம் சரி என்று கையெழுத்திட வேண்டும்.

இது நடக்காத காரியமன்று. 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் தனக்கென ஒரு சமுதாய வானொலியையே தொடங்கி, இந்தியாவுக்கு வழிகாட்டியது. நான் வானொலி நிலையம் கேட்கவில்லை. ஓர் அறை, ஒரு நாள், ஓர் அலமாரி, இவ்வளவே கேட்கிறேன்.

நாம் இவ்வூரில் பெரும்பாலோர் இரண்டாண்டு விருந்தாளிகள். படிக்க வருகிறோம், வேலை கிடைத்ததும் வேறு ஊர் போகிறோம். நம் குழுக்கள் எல்லாமே குறுகிய ஆயுள் உடையவை. அதை மாற்ற இயலாது. குழு கலைவது இயல்பு. பாட்டும் சேர்ந்து கலைய வேண்டும் என்பது இயல்பன்று.

சென்ற ஞாயிறு, கன்னட நண்பரும் நானும் மொட்டைமாடியில் அமர்ந்து அந்த ஏழு பாட்டுகளையும் நினைவுகூர முயன்றோம். மூன்று முழுமையாக வந்தன. வீடு தேடிய பாட்டு பாதி வந்தது. புனேயில் இருப்பவரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவருக்கு அதன் பல்லவி மட்டும் நினைவிருந்தது; அதுவும் எங்கள் நினைவோடு பொருந்தவில்லை. செருமனியில் இருப்பவர், "அப்படி ஒரு பாட்டு பாடினோமா?" என்று கேட்டார். ஓராண்டுதான் ஆகிறது, நண்பர்களே! இன்னும் ஓராண்டு போனால் இந்த மூன்றரையும் என்னாகும்?

பொதுக்குழு என் கோரிக்கையை ஏற்றால், முதல் நாள் முதல் குழுவாக நாங்கள் இருவரும் வருகிறோம். நினைவிருக்கும் மூன்றரைப் பாட்டையும் பாடுகிறோம். பாட்டியின் கொழுந்துப் பாட்டு அந்த மூன்றில் இருக்கிறது. தாத்தாவின் மூன்று அடிகளும் அதில் இருக்கின்றன. நாளைக் குறித்துச் சொல்லுங்கள். தப்பைக் காய்ச்சி எடுத்து வருகிறேன்.